மார்க்ஸ் முதலாளித்துவத்தை அநீதி என்று சொன்னாரா, இல்லையா?

ஊசிமுனை | வெள்ளி, இரவு 9.40

நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து 'மூலதனம்' முதல் பாகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேராகத்தான் தொடங்கினோம். பண்டம் பற்றிய முதல் அத்தியாயமே இரண்டு பேரை விழுங்கிவிட்டது. மிச்சமிருக்கும் மூவரும் போன வாரம் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டோம்.

உபரி மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று மார்க்ஸ் கணக்குப் போட்டுக் காட்டுகிற இடம் அது. ஒரு தொழிலாளி இன்று சாப்பிட்டுத் தூங்கி நாளைக்கும் வேலைக்கு வர என்னென்ன தேவையோ, அதையெல்லாம் உண்டாக்க ஆறு மணி நேர உழைப்பு போதும். அந்த மதிப்புதான் அவனுக்குக் கூலி. ஆனால் ஆலையில் அவன் பன்னிரண்டு மணி நேரம் நூற்கிறான். பின்பாதி ஆறு மணி நேரம் முதலாளிக்குப் போகிறது. இதுவரை சரி, எல்லா மேடையிலும் கேட்ட கதைதான். ஆனால் அதை ஒட்டியே மனிதர் இன்னொன்று சொல்கிறார்: இது வாங்குகிறவனுக்கு நல்ல அதிர்ஷ்டம், அதற்காக விற்கிறவனுக்கு அநீதி நடந்துவிட்டதாக ஆகாது!

மூன்று தடவை படித்துவிட்டோம். கிண்டலாகச் சொல்கிறாரா? மொழிபெயர்ப்பில் கோளாறா? அநீதியே இல்லை என்றால் 'சுரண்டல்' என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்? எந்த அறத்தின் பேரில் இந்த அமைப்பைக் குறை சொல்கிறார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.

கணக்கன் | வெள்ளி, இரவு 10.15

குழம்ப என்ன இருக்கிறது? அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு பேர் பேசி முடித்த விலை. கொடுக்கிறவருக்குச் சம்மதம், வாங்குகிறவருக்கும் சம்மதம். யாரும் கத்தியைக் காட்டவில்லை, எடையில் கை வைக்கவில்லை. அநீதி எங்கிருந்து வரும்?

1974-ல் ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொன்னார். உங்களுக்குப் பிடித்த எந்தக் கொள்கைப்படி வேண்டுமானாலும் ஊருக்கெல்லாம் சொத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள், டிக்கெட் காசு போக ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று தனியாக ஒரு பெட்டியில் போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் வந்தால் அவர் கையில் இரண்டரை லட்சம் டாலர். தொடக்கம் நியாயம், நடுவில் ஒவ்வொரு படியும் நியாயம். முடிவு மட்டும் எப்படி அநியாயமாகும்?

இருபது வருஷமாக மற்றவர்கள் கணக்கைத் தணிக்கை செய்து பிழைக்கிறவன் நான். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தால் அடியில் வருகிற மொத்தமும் சரி.

வாழைப்பூ | வெள்ளி, இரவு 10.22

அப்போ மே தினத்தில் நான் தொண்டை கட்டக் கத்தியதெல்லாம் ஆசிரியரின் அனுமதி இல்லாமலா?

மழைக்காகிதம் | வெள்ளி, இரவு 11.50

ஊசிமுனை, நீங்கள் சிக்கியிருப்பது சாதாரண இடமில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பேராசிரியர்கள் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். நான் முனைவர் பட்டத்துக்கு வாசிக்கத் தொடங்கியதும் இந்தச் சண்டையால்தான், அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொழிபெயர்ப்பு. ஜெர்மன் மூலத்தில் இருப்பது 'உன்ரெஷ்ட்'. அநீதி, நியாயக்கேடு என்ற பொருள். 1887-ல் வந்த முதல் ஆங்கிலப் பதிப்பு அதைக் 'கெடுதி' என்ற பொருள் வருகிற சொல்லால் மழுப்பிவிட்டது. 1976-ல் பென் ஃபௌக்ஸ் செய்த பதிப்புதான் 'அநீதி' என்று நேராகப் போட்டது. ஆக உங்கள் வாசிப்பில் கோளாறில்லை.

1972-ல் ஆலன் உட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் வாதம் இதுதான்: மார்க்ஸைப் பொறுத்தவரை 'நீதி' என்பது வானத்தில் தொங்கும் அளவுகோல் இல்லை. ஒவ்வொரு உற்பத்தி முறைக்கும் அதனதன் நீதி உண்டு. சமமான மதிப்புக்குச் சமமான மதிப்பு என்பது முதலாளித்துவத்தின் நீதி. கூலி விஷயத்தில் அந்த விதி மீறப்படவில்லை. ஆகவே அநீதி இல்லை. 1875-ல் ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சிக்கும்போதும் மார்க்ஸ் இதையேதான் கேட்கிறார்: இன்றைய பங்கீடு நியாயமானது என்று முதலாளிகளும்தானே சொல்கிறார்கள், இன்றைய உற்பத்தி முறைக்குள் அது ஒன்றுதானே நியாயமான பங்கீடு? 'சம உரிமை', 'நியாயப் பங்கு' என்று பேசுகிறவர்களைப் பார்த்து எரிந்து விழுகிறார்.

1978-ல் ஸியாத் ஹுஸாமி என்ற ஆய்வாளர் எதிர்ப்பாட்டுப் பாடினார். அப்படியானால் அதே மனிதர் பக்கத்துக்குப் பக்கம் 'கொள்ளை', 'திருட்டு' என்று எழுதுவது ஏன்? அச்சுக்குக் கொடுக்காத குறிப்புகளில் இன்றைய செல்வம் பிறர் உழைப்பு நேரத்தைத் திருடியதன் மேல் நிற்கிறது என்கிறாரே? ஜி. ஏ. கோஹன் என்ற தத்துவவாதி இதை இன்னும் இறுக்கினார். முதலாளித்துவச் சட்டப்படி அது திருட்டு இல்லை என்று மார்க்ஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திருட்டு என்கிறார் என்றால் வேறேதோ அளவுகோல் அவர் கையில் இருந்திருக்கத்தானே வேண்டும்?

1985-ல் நார்மன் கெராஸ் என்ற அரசியல் கோட்பாட்டாளர் மொத்தச் சண்டையையும் தொகுத்துவிட்டு ஒரு தீர்ப்பு சொன்னார். மார்க்ஸ் முதலாளித்துவத்தை அநீதி என்றுதான் நினைத்தார், ஆனால் தான் அப்படி நினைப்பதாக அவர் நினைக்கவில்லை. எனக்கு இது பிடிக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் பொருந்தும்.

நடுப்பக்கம் | சனி, காலை 7.05

கணக்கன் சார் 'எடையில் கை வைக்கவில்லை' என்றதும் எனக்குப் பட்டினப்பாலைதான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி: "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது." வாங்கும்போது கூடுதலாக வாங்குவதில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை. நமக்குப் பழக்கமான வணிக அறம் இதுதான். தராசு நேராக நிற்க வேண்டும், அவ்வளவே.

மார்க்ஸின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், இந்த வணிகனையே எடுத்துக்கொண்டு தொடங்குகிறார். ஏமாற்றுக்காரனை வைத்துக் கதை சொல்லவில்லை. தராசு நேராகவே நிற்கட்டும். மிகை கொள்ளாத, குறை கொடாத சந்தையிலிருந்தே உபரி எப்படிப் பிறக்கிறது என்று காட்டினால்தான் அது அந்த அமைப்பின் குணம் என்றாகும். இல்லாவிட்டால் 'நாலு கெட்ட முதலாளிகள்' என்று முடித்துவிடலாம். அந்த வாக்கியம் அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இது. உட், ஹுஸாமி எல்லாம் அப்புறம்.

கொல்லைப்புறம் | சனி, காலை 9.30

அந்த ஆறு மணி நேரக் கணக்கில் ஒரு சின்னச் சந்தேகம். தொழிலாளி மறுநாள் வேலைக்கு வரத் தேவையான அரிசி, துணி, வாடகை எல்லாம் வந்துவிட்டது. அரிசியைச் சோறாக்கியது யார்? அது எந்த மணி நேரத்தில் சேர்ந்தது?

நான் கேட்பது புதிதில்லை. வீட்டு வேலைக்குக் கூலி கொடு என்று 1972-லேயே இயக்கம் தொடங்கினார்கள். 2014-ல் நான்சி ஃபிரேசர் என்ற அமெரிக்கத் தத்துவவாதியும் இதையே வேறு மாதிரி எழுதினார். சந்தையின் சத்தத்தை விட்டு ஆலைக்குள்ளே, மறைவான இடத்துக்கு வாருங்கள் என்று மார்க்ஸ் கூட்டிப்போனார் அல்லவா, அந்த மறைவிடத்துக்கும் பின்னால் இன்னொரு மறைவிடம் இருக்கிறது என்றார். சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளியைப் பார்ப்பது, இயற்கை சும்மா தருவது, இவையெல்லாம் கணக்கில் ஏறாமல் கீழே நின்று தாங்குகின்றன. என் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

ஓவர்லாக் | சனி, மதியம் 2.10

உங்கள் அளவுக்குப் படிப்பு எனக்கு இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பதினெட்டு வயசில் திருப்பூருக்கு வந்தேன். ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, டெய்லராகப் பதினோரு வருஷம். சம்பளத்தைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இருந்ததில்லை. பீஸ் ரேட், அடித்தால் காசு, சனிக்கிழமை கையில் வந்துவிடும். ஊரில் கிடைத்ததைவிட அதிகம்தான். இதில் கணக்கன் சார் சொல்வது சரி.

ஆனால் அந்தக் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வைத்திருந்தார்கள். லைனுக்கு இரண்டு டோக்கன். நாற்பது பேர். சூப்பர்வைசர் மேஜையில் ஆணியில் தொங்கும். ஒருவர் போய்த் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவர் எடுக்கலாம். எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். கேட்டால் சிரிப்பார். ஒரு நாள் மயங்கி விழுந்தபோதுதான் எல்லோருக்கும் காரணம் தெரிந்தது.

அவருக்கும் சம்பளம் சரியாகத்தான் கொடுத்தார்கள். ஒரு பைசா குறைக்கவில்லை. ஆறு மணியா பன்னிரண்டு மணியா என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே தப்பாக இருந்தது அந்தக் கணக்கு இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மழைக்காகிதம் | சனி, மதியம் 3.45

ஓவர்லாக் அண்ணே, நல்ல வேளை எழுதினீர்கள். நான் நேற்று எழுதியதில் இதுதான் விட்டுப்போனது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வரை இருவரும் சமம். அதற்கப்புறம்? உழைப்பு நிகழ்முறை பற்றிய அத்தியாயத்துக்குள் நுழையும் முன்பு மார்க்ஸ் ஒரு காட்சி வரைகிறார். ஊசிமுனை குழு அதைத் தாண்டி வந்திருப்பீர்கள். சந்தையில் சுதந்திரம், சமத்துவம், சொத்து, பெந்தாம் (அவரவர் தன் நலனைப் பார்ப்பது என்பதற்கு அந்த ஆங்கிலத் தத்துவவாதியின் பெயர்) இவைதான் ஆட்சி என்று நக்கலடித்துவிட்டு, இப்போது இருவரும் ஆலை வாசலுக்கு நடப்பதைப் பாருங்கள் என்கிறார். பணக்காரன் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் போகிறான். உழைப்புச் சக்தியை விற்றவன் தயங்கித் தயங்கிப் பின்னால் போகிறான், சொந்தத் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டு இனி உரிபடுவதற்குக் காத்திருப்பவன் போல. வாசலுக்கு வெளியே சமமாக இருந்த இருவர் வாசலுக்கு உள்ளே சமமில்லை. விற்ற பொருள் விற்றவனின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த வினை. அரிசி மூட்டையை விற்றால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உழைப்பை விற்றால் கூடவே நாமும் உள்ளே போக வேண்டும், மூத்திரப் பையோடு.

2017-ல் எலிசபெத் ஆண்டர்சன் என்ற தத்துவவாதி இதை இன்றைய அமெரிக்காவுக்குப் பொருத்தி எழுதினார். அரசாங்கம் என்றால் தலைநகரில் இருப்பது மட்டுமில்லை, ஒருவர் சொல் இன்னொருவர் மேல் செல்லுபடியாகிற இடத்திலெல்லாம் ஆட்சி நடக்கிறது. வேலையிடத்து ஆட்சி கேள்வி கேட்க முடியாத ஆட்சி, அதனால் தனியார் அரசாங்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, கோழியிறைச்சி ஆலையில் தொழிலாளர்களைக் கழிப்பறைக்கு விடாதது. உங்கள் டோக்கன் தனியாக உங்கள் ஊருக்கு வந்த நோயில்லை.

மார்க்ஸ் வேலை நாள் அத்தியாயத்தில் ஒரு தையல்காரப் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். மேரி ஆன் வாக்லி, வயது இருபது, லண்டன். 1863 ஜூனில் இளவரசிக்கான விருந்துக்கு வரும் சீமாட்டிகளின் உடைகளை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. இன்னும் அறுபது பெண்களோடு இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்தார். அறைக்கு முப்பது பேர், மூச்சுவிடக் காற்றில்லை. வெள்ளிக்கிழமை படுத்தார், ஞாயிற்றுக்கிழமை இறந்தார். அந்தப் பக்கங்களில் மார்க்ஸ் கூலி சரியா தப்பா என்று ஒரு வரி கேட்கவில்லை.

கணக்கன் | சனி, மாலை 5.20

டோக்கன் வைத்தவன் அயோக்கியன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மருந்து என்ன? பக்கத்துக் கம்பெனி. ஆள் கிடைக்காமல் எல்லா கேட்டிலும் 'டெய்லர் தேவை' போர்டு தொங்குகிற ஊர் அது. டோக்கன் வைக்கிறவனை விட்டு விலகிப் போகலாம் என்பதுதான் சந்தையின் அழகு. சொந்தத் தொழிலாளியை விலகவிடாதது பண்ணையாளன், சந்தை இல்லை.

இன்னொன்று. தோல் உரிப்பது என்றெல்லாம் எழுதும்போது மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 1978-க்கு அப்புறம் சீனா சந்தையைத் திறந்துவிட்டதில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள் என்று உலக வங்கி சொல்கிறது. இதைவிடப் பெரிய அறச்செயல் எந்தத் தத்துவவாதி செய்தார்?

வடக்குவீதி | சனி, இரவு 8.00

80 கோடி உண்மைதான், அதைச் சின்னதாக்க நான் தயாரில்லை. (அங்கே கட்சியும் அரசும் செய்ததில் எவ்வளவு, சந்தை செய்ததில் எவ்வளவு என்பது தனிச் சண்டை.) ஆனால் பசி தீர்ந்தது என்பது ஒரு கேள்விக்குப் பதில். அந்த அக்கா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பது வேறு கேள்வி.

'விலகிப் போகலாம்' என்பதற்கு மழைக்காகிதம் மேலே சொன்ன அதே கோஹனிடம் அருமையான ஒரு பதில் இருக்கிறது. மான்ட்ரியலில் பிறந்தவர். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டியவர், அப்பா துணி வெட்டியவர். ஆக இதுவும் ஒரு வகையில் பனியன் கம்பெனிக் கதைதான்.

ஓர் அறையில் பத்துப் பேர். ஒரே கதவு, பூட்டியிருக்கிறது. தரையில் ஒரு சாவி கிடக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறந்து வெளியே போகலாம், ஆனால் ஒருவர் போனதும் கதவு மூடிக்கொள்ளும், மற்றவர்களுக்கு வழியில்லை. இப்போது அறையில் உள்ள எவரையும் காட்டி 'இவரால் வெளியேற முடியாது' என்று சொல்ல முடியாது. சாவி அங்கேயே கிடக்கிறது, மற்றவர்கள் தடுக்கவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் பத்துப் பேரும் சேர்ந்தாற்போலச் சிறையில்தான் இருக்கிறார்கள். 1983-ல் எழுதியது. பிரிட்டனுக்கு வந்து கடை வைத்து முன்னேறிய குடியேறிகளைக் காட்டி 'பார், உழைத்தால் யார் வேண்டுமானாலும் தொழிலாளி நிலையிலிருந்து வெளியேறலாம்' என்று சொன்னவர்களுக்கான பதில் இது.

வில்ட் சேம்பர்லினிடமும் எனக்கு ஒரு குறை. நட்சத்திர ஆட்டக்காரர் ஆட மறுத்தால் ஆட்டம்தான் நடக்காது. கைமடி வர மறுத்தால் கைமடி வீட்டில் உலை வைக்க முடியாது. முதலாமவரை வைத்துச் சொன்ன நியாயத்தை இரண்டாமவருக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட முடியாது.

வாழைப்பூ | சனி, இரவு 8.11

அறையில் பத்துப் பேர், ஒரு சாவி. எங்கள் வீட்டில் ஆறு பேர், ஒரு சார்ஜர். கோஹனின் வலி எனக்குத் தெரியும்.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 9.15

இடையில் வந்த கட்சிச் சண்டைப் பதிவுகள் நான்கை நீக்கியிருக்கிறேன். சார்ஜர் இருக்கட்டும்.

நடுப்பக்கம் | ஞாயிறு, காலை 6.50

பேச்சு நீதி, சுதந்திரம் என்று இரண்டு தடத்திலேயே ஓடுகிறது. மூன்றாவது ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் நெருக்கம். ராஹேல் யேகி என்ற தத்துவவாதி முதலாளித்துவ விமர்சனங்களைப் பிரித்துப் பார்க்கிறார். ஒன்று, அது ஒழுங்காக ஓடாது, நெருக்கடியில் போய் விழும் என்பது. இரண்டு, அது சுரண்டுகிறது, அநியாயம் என்பது. மூன்று, அது நியாயமாகவே நடந்தாலும் அதில் வாழ்கிற வாழ்க்கை வறண்ட வாழ்க்கை என்பது. இந்த மூன்றாவதுக்குத்தான் வயசு அதிகம்.

அரிஸ்டாட்டில் செருப்பை வைத்துச் சொல்வார். செருப்பைக் காலில் போடலாம், மாற்றி வேறு பொருளும் வாங்கலாம். இரண்டும் செருப்பின் பயன்தான், ஆனால் செருப்பு செய்யப்பட்டது காலுக்காக. வீட்டுக்கு வேண்டியதைச் சேர்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு, வயிறு நிறைந்தால் நின்றுவிடும். பணத்துக்காகப் பணம் சேர்ப்பதற்கு எல்லை கிடையாது. அதில் அவர் அதிகம் வெறுத்தது வட்டியை. கிரேக்கத்தில் வட்டிக்கு 'டோகோஸ்' என்று பெயர், குட்டி, ஈன்றது என்று அர்த்தம். காசு காசையே ஈனுகிறது, இது இயற்கைக்கு மாறானது என்கிறார். நம் ஊரில் கந்துவட்டிக்கு வாங்கிவிட்டு 'வட்டி குட்டி போட்டுவிட்டது' என்று புலம்புகிறவருக்கு அரிஸ்டாட்டிலைத் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே உவமைதான் வந்திருக்கிறது.

சந்தை நுழைந்தால் உறவின் குணமே மாறும் என்பதற்கு இஸ்ரேலின் ஹைஃபாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வார்கள். 2000-ல் வெளியானது. பத்துக் குழந்தைகள் காப்பகங்கள். மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. முன்பு 'பாவம், டீச்சர் காத்திருப்பாரே' என்று ஓடிவந்தவர்கள், இப்போது காசு கொடுத்தாயிற்று என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. அந்தக் கடைசித் தகவல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

கணக்கன் | ஞாயிறு, காலை 8.30

நடுப்பக்கம் ஐயா, அரிஸ்டாட்டிலைத் துணைக்குக் கூப்பிடும்போது பார்த்துக் கூப்பிடுங்கள். வட்டி இயற்கைக்கு மாறானது என்று எழுதிய அதே முதல் புத்தகத்தில்தான் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றும் எழுதினார். செருப்பு காலுக்காக என்றவர், அந்தச் செருப்பைத் தைத்த அடிமையை உயிருள்ள கருவி என்கிறார். வட்டிக்காரனைப் பழிக்கும் இந்த மரபு ஐரோப்பாவில் யூதர்களை என்ன பாடு படுத்தியது என்பதும் சரித்திரம்தான். 'காசு அசிங்கம்' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் காசு தேவைப்படாத இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். எங்கள் தாத்தா காலத்தில் கூலி நெல்லாகத்தான் வரும், கூடவே வசவும் வரும். அது காசாக மாறியபோது 'வாங்கினேன், கொடுத்தேன், முடிந்தது' என்று நிமிர்ந்து நடக்க முடிந்தது. உறவின் குணம் மாறியதில் எங்களுக்கு நஷ்டமில்லை.

வடக்குவீதி சொன்ன சாவி விஷயத்துக்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இல்லை. யோசிக்கிறேன்.

கொல்லைப்புறம் | ஞாயிறு, காலை 9.10

கணக்கன் அண்ணா, நெல்லும் வசவும் பற்றிச் சொன்னீர்களே, இந்த இழையில் அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. காசுக்கு முன்பு இருந்தது சொர்க்கம் இல்லை என்பதை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். மார்க்ஸ் மறக்கவில்லை, பழைய உலகத்துக்குத் திரும்பச் சொன்ன ஆள் இல்லை அவர்.

ஆனாலும் ஒரு கேள்வி. நீங்கள் சந்தையைப் புகழ்ந்தது அது பணக்காரர் ஆக்கியது என்பதற்காக இல்லை, குனியாமல் நிற்க விட்டது என்பதற்காக. டோக்கன் ஆணியைப் பார்த்துக்கொண்டு தைத்த பெண்ணுக்கு நடந்ததும் அந்த இடத்தில்தானே? உங்கள் அளவுகோலையே வைத்துப் பார்த்தால்?

கணக்கன் | ஞாயிறு, காலை 9.55

பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். டோக்கன் அயோக்கியத்தனம் என்று நேற்றே சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்றால் அது பண்ணை. சந்தைக்குள்ளே ஒரு பண்ணையை நடத்திக்கொண்டு பெயரை மட்டும் கம்பெனி என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓவர்லாக் | ஞாயிறு, காலை 11.20

எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறீர்கள், அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது டெய்லர் இல்லை. ஐந்து வருஷமாகச் சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன், பெரிய கம்பெனிகளின் ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுப்பது. பன்னிரண்டு மெஷின், பதினாறு பேர். வடக்குவீதி எழுதிய அறையில் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த ஆள் நான்தான். நேற்று ராத்திரி அதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

என் யூனிட்டில் டோக்கன் கிடையாது. முதல் நாளே முடிவு செய்தது. ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓட்டச் சொல்கிறேன். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை. சில நாள் அதையும் தாண்டும். நான் முடியாது என்றால் கம்பெனிக்காரர் பக்கத்து யூனிட்டுக்கு ஆர்டரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அவரிடம் கேட்டால் வெளிநாட்டுப் பையர் (சரக்கை வாங்குகிறவர்) கொடுத்த தேதி என்பார். நான் கெட்டவனா என்று கேட்கவில்லை. இதில் யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மழைக்காகிதம் | ஞாயிறு, மதியம் 12.30

அண்ணே, மார்க்ஸ் 1867 முன்னுரையிலேயே உங்களுக்கு ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறார். முதலாளியை நான் ரோஜா நிறத்தில் தீட்டவில்லை, ஆனால் தனி மனிதரை இந்த உறவுகளுக்குப் பொறுப்பாக்குவதும் என் வேலை இல்லை, அவரும் அந்த உறவுகள் உண்டாக்கிய ஆள்தான் என்கிறார். உட் பிடித்துக்கொண்ட வாக்கியமும் இதுவும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று இப்போது தோன்றுகிறது. அநீதி என்று சொன்னால் உடனே 'யார் செய்தது?' என்று ஓர் ஆளைத் தேடுவோம். அப்படித் தேடிவிடக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

இன்னொரு தகவலும் அதே புத்தகத்தில், அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கிறது. 1863 தொடக்கத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 26 பீங்கான் ஆலை முதலாளிகள், பெயர்பெற்ற வெட்ஜ்வுட் நிறுவனம் உட்பட, சேர்ந்து ஒரு மனுக் கொடுத்தார்கள். குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்க எங்களுக்கு விருப்பம்தான், போட்டி விடமாட்டேன் என்கிறது, தயவுசெய்து சட்டம் போட்டு எங்களைக் கட்டாயப்படுத்துங்கள் என்று. முதலாளிகளே கேட்டது.

கணக்கன் | ஞாயிறு, மதியம் 1.05

இந்த மனுவை நான் கேள்விப்பட்டதில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போட்டியும் கெடாது என்கிறார்கள், அப்படித்தானே? தணிக்கைக்காரனாக இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஓவர்லாக் தம்பியின் பையர் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் வருவார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊசிமுனை | ஞாயிறு, மதியம் 2.40

எல்லோருக்கும் நன்றி. மாலை வாசிப்பில் இந்த இழையையே அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படிக்கப் போகிறேன். நடுப்பக்கம் சொன்ன நேரான தராசுதான் எங்களுக்கு முடிச்சை அவிழ்த்தது. அடுத்த வாரத்திலிருந்து வேலை நாள் அத்தியாயம், மேரி ஆன் வாக்லி வருகிற இடம். ஓவர்லாக் அண்ணே, நாங்களும் திருப்பூர்தான், நீங்கள் கட்டாயம் வர வேண்டும். எங்கள் மூவரில் ஒருவருக்குக் கூட மெஷினில் நூல் கோக்கத் தெரியாது. அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணி, இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

ஓவர்லாக் | ஞாயிறு, மாலை 4.00

வர ஆசைதான் தம்பி. அடுத்த ஞாயிறு ஷிப்மெண்ட் இருக்கிறது. எட்டரைக்கு மேல் வைத்தால் சொல்லுங்கள்.